மூன்றரை மணி வெயிலும் ஒரு கறுப்பு டீப்பாயும்

அந்த ஃபோனைக் கொஞ்சம் கவிழ்த்து வைக்கிறீர்களா? தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜன்னல் வெயில் அதில் பட்டு நேராக என் கண்ணுக்குள் வந்து குத்துகிறது. அப்படித்தான். ரொம்ப நன்றி. அந்தத் தண்ணீர் பாட்டிலையும் கொஞ்சம் நகர்த்திவிட்டால் நல்லது. இல்லை, இந்தப் பக்கம். சரி, கொடுங்கள், நானே வைக்கிறேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். எனக்கு அப்படி இல்லை. என் பெண்ணுக்கு வந்த மூன்று வரன் தட்டிப்போனதற்குக் காரணம் வெயில் பட்டால் மின்னுகிற ஒரு மேஜை. சிரிக்காதீர்கள். ஜாதகம் இல்லை, நிறம் இல்லை, நகை இல்லை. டீப்பாய். சோபாவுக்கு முன்னால் முழங்கால் உயரத்தில் போடுவோமே, அதுதான்.

நீங்களும் கோயமுத்தூர் வரைக்குமா? நல்லதாகப் போயிற்று. கரூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். நான் நீட்டி முழக்குகிற ஆள் இல்லை.

என் வீட்டுக்காரரும் பெண்ணும் இரண்டு பெட்டி தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று டிக்கெட்டும் சேர்ந்தாற்போலக் கிடைக்கவில்லையாம். மூன்று வாரம் முன்னாலேயே எடுத்தாராம், அப்படியும்! அவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடைத்திருக்கிறது. அந்த மனுஷனுக்கு ஒரு காரியத்தை முழுசாகச் செய்யத் தெரியாது.

பெண்ணின் பெயர் ஹம்சவர்தினி. ஹம்சா. இருபத்தெட்டு முடிந்துவிட்டது. மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விவசாயிகள் பையில் மண் கொண்டுவந்து கொடுப்பார்கள், இவள் அதில் என்ன சத்து இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து எழுதிக் கொடுப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள். அவர் கல்லூரியில் நூலகர். முப்பத்திரண்டு வருஷம் ‘சத்தம் போடாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து, வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பலகையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தவர் மாதிரியே இருப்பார். ஆக, மூன்று பேருக்கும் சேர்த்துப் பேச வேண்டிய பொறுப்பு என் தலையில்.

எனக்கு அது கஷ்டமில்லை. நான் திருச்சியில் கான்வென்ட்டில் படித்தவள். பன்னிரண்டு வருஷம். எங்கள் சிஸ்டர் யூஃப்ரேசியா சொல்வார்: மனதில் இருப்பதை நிமிர்ந்து நின்று, கேட்கிறவர் முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொல்ல வேண்டும். அப்படியே வளர்ந்துவிட்டேன். யாரிடமும் ஒளிவு மறைவு கிடையாது.

போன தீபாவளிக்கு டீப்பாய், டிவி ஸ்டாண்ட், சாப்பாட்டு மேஜை, மூன்றும் ஒரே செட்டாக வாங்கினோம். கறுப்பு. பியானோ ஃபினிஷ் என்றார் கடைக்காரர். கடை டியூப்லைட்டில் அது இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். குனிந்தால் என் மூக்குத்தி தெரிகிறது. இவர் அங்கேயே, “ரொம்ப மினுக்குதேம்மா” என்று முனகினார்.

“மினுக்காம இருக்கிறதுக்கு அது என்ன உங்க லைப்ரரி பெஞ்சா?” என்று கேட்டேன்.

அவர் பர்ஸை எடுத்துப் பணம் எண்ண ஆரம்பித்துவிட்டார். இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டாமா? அதுதான் அவரிடம் குறை.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. கூடத்துக்கு மேற்கே பால்கனி. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்து, வேறு எங்கும் போகாமல் டீப்பாய் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அங்கிருந்து தெறித்து, எதிர் சோபாவில் இருப்பவர்கள் முகத்தில் அடிக்கும். நாங்கள் அந்த நேரத்தில் கூடத்தில் உட்காருவதில்லை, அதனால் தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

வேறு நேரத்தில் வரச் சொல்லலாமே என்று பார்க்கிறீர்கள். எப்படிச் சொல்வது? எல்லோருக்கும் லீவு ஞாயிற்றுக்கிழமைதான். பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். நாலரைக்கு ராகுகாலம். வெளியூரிலிருந்து கிளம்பி, வழியில் சாப்பிட்டு வருகிறவர்கள் மூன்றிலிருந்து நாலேகாலுக்குள்தான் வர முடியும். வெயிலும் அதே நேரத்துக்குத்தான் வரும். சரி, சோபாவைத் திருப்பிப் போடலாம் என்றால், பெண் கிழக்குப் பார்த்து நிற்க வேண்டும். அவள் கிழக்குப் பார்த்தால் வந்தவர்கள் மேற்குப் பார்த்துத்தானே உட்கார வேண்டும்? நாள், திசை, வெயில் மூன்றும் சேர்ந்து என் டீப்பாயைக் குறிவைத்து நின்றன.

முதலில் வந்தவர்கள் தஞ்சாவூர்க்காரர்கள். நல்ல குடும்பம். பையனின் அம்மா வந்து உட்கார்ந்ததிலிருந்து முகத்தைச் சுருக்கிக்கொண்டே இருந்தார். பையனின் அப்பா பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உள்ளங்கையை டீப்பாய் மேல் பதிக்கிற ஆள். “எங்களுக்கு ஒண்ணும் வேண்டாங்க,” ஒரு கை. “பொண்ணு சந்தோஷமா இருந்தாப் போதும்,” இன்னொரு கை. பளபளப்பான சாமானில் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். ரேகை ஐந்தும் அச்சடித்த மாதிரி விழும். நான் துணி எடுத்து வந்து துடைத்தேன். அவர் மறுபடி வைத்தார். நான் மறுபடி துடைத்தேன். நாலாவது தடவை அவர் கையை எடுக்காமலே பேசிக்கொண்டிருந்தார். நானே அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி, அடியில் துடைத்துவிட்டு, மறுபடி அவர் மடியில் வைத்துவிட்டேன். மரியாதையாகத்தான்.

இரண்டு நாள் கழித்து, ஜாதகத்தில் ஏதோ சின்ன இடறல் என்று ஃபோன் வந்தது.

“ஜாதகம் பார்த்துட்டுத்தானே வந்தாங்க?” என்று நான் கேட்டேன். இவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயரமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்போதே பொறி தட்டியது. அந்த அம்மா முகம் சுருங்கியது ஏன்? கண் கூச்சம்! உட்கார்ந்த இடத்தில் கண் கூசினால் எந்த வீடு பிடிக்கும், எந்தப் பெண் பிடிக்கும்?

“திரையை இழுத்து மூடிடலாமே” என்றார் இவர்.

“பொண்ணு பார்க்க வரும்போது இருட்டடிச்சு வச்சா என்ன நினைப்பாங்க? நிறத்தை மறைக்கிறோம்னு நினைக்க மாட்டாங்களா?”

“அப்போ மேஜைவிரிப்பு?”

“மூடி வச்சா அடியில கீறல் இருக்குன்னு நினைப்பாங்க.”

“எடுத்து உள் ரூம்ல போட்டுட்டா?”

“காபியை எங்க வைப்பாங்க, தலையிலயா?”

அவருக்கு யோசனை தீர்ந்துவிட்டது. மூன்றுக்கு மேல் அவரிடம் எப்போதும் இருக்காது.

இரண்டாவது திண்டுக்கல். பையனோடு அத்தை, மாமா. அந்த அத்தை, கொதிக்கக் கொதிக்கக் காபி டம்ளரை நேராக டீப்பாய் மேல் வைத்தார். பளபளப்பில் சூடு பட்டால் வெள்ளையாக வட்டம் விழுந்துவிடும், அப்புறம் அது போகாது. சட்டென்று டம்ளரைத் தூக்கி அடியில் கோஸ்டர் வைத்து, “உங்க வீட்டுல இந்தப் பழக்கம் இல்லையா?” என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பழக்கம் இருந்தால் என் பெண்ணுக்கு வசதி, இல்லையென்றால் அவள் போய்ப் பழக்கிவிடுவாள்.

அந்தப் பையன் தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்தான். குனியக் குனிய அவன் உச்சந்தலை டீப்பாயில் அப்படியே தெரிகிறது. ஃபோட்டோவில் நல்ல அடர்த்தியான முடி. டீப்பாயில் பார்த்தால் நடுவில் மைதானம். “தம்பி, அந்த ஃபோட்டோ எந்த வருஷம் எடுத்தது?” என்றேன். பாருங்கள், அந்த மேஜை மட்டும் மினுக்காமல் இருந்திருந்தால் எனக்கு அந்தக் கேள்வியே தோன்றியிருக்காது. எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான் என்று இதனால்தான் சொல்கிறேன்.

பாதிக் காபியோடு எழுந்துவிட்டார்கள். அத்தை வாசல்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். கூச்சம் அவ்வளவு!

இல்லையம்மா, டீ வேண்டாம். நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பார்த்து, மடியில் கொட்டிக்கொள்ளப் போகிறீர்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். ஆ, இப்போது சரி.

மூன்றாவது மதுரை. இந்தத் தடவை நான் விடவில்லை. கல்யாணத்தில் ஃபோட்டோ எடுக்கிறவர்கள் முகம் மின்னாமல் இருக்கப் பவுடர் போட்டுவிடுகிறார்கள் இல்லையா? முகத்துக்குச் செய்வதை மேஜைக்குச் செய்தால் என்ன? ஒரு டப்பா பவுடர். பஞ்சால் ஒற்றி ஒற்றி டீப்பாய், டிவி ஸ்டாண்ட் இரண்டுக்கும் பூசினேன். அடடா, என்ன அழகு! மினுக்கம் செத்தது. வீடு முழுக்க மல்லிகை வாசனை.

மதுரைக்காரர்கள் வந்து, உட்கார்ந்து, முழங்கையை ஊன்றி, பேசி, நிமிர்ந்து பார்த்தால் எல்லோரும் மாவு மில்லிலிருந்து வந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். பையன் கருநீலச் சட்டை. முழங்கை வரைக்கும் வெள்ளை. பையனின் அக்கா விரலால் டீப்பாயில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, “என்னங்க இது, தூசியா?” என்றாள்.

எங்கள் வீட்டில் தூசியா? என் வீட்டிலா?

“பவுடர்தாம்மா. உன் முகத்துல இருக்கிறதைவிடக் குறைச்சல்தான்” என்றேன். தமாஷுக்குத்தான். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. இவர் மட்டும் இருமினார்.

அன்று சாயங்காலம் ஹம்சா பால்கனியில் போய் நின்றுகொண்டாள். கட்டின பட்டுப்புடவையை அவிழ்க்கவில்லை. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல், “அம்மா, ஒருத்தர் இருக்கார்” என்றாள்.

கோயமுத்தூர்ப் பையன். செந்தூரன். பம்ப்செட் தயாரிக்கிற இடத்தில் இன்ஜினியர். இணையத்தில் வரன் பார்க்கிற தளத்தில் இவளே பார்த்து, நாலு மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறாளாம். நாலு மாதம்! என்னிடம் சொல்லவில்லை. அவள் அப்பாவுக்குத் தெரியுமாம்.

“அவங்க வீட்டுல வந்து பார்க்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான்தான் தள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

“ஏன் தள்ளிப் போடணும்?”

அவள் காபியைப் பார்த்தாள். “எனக்கு இவரை ரொம்பப் பிடிச்சிருக்கும்மா. இது மட்டும் கெட்டுப்போயிடக் கூடாது.”

குரல் நடுங்கியது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவள் இல்லையா? “டீப்பாயை நான் பார்த்துக்கறேன், நீ கவலைப்படாதே” என்றேன்.

“டீப்பாய் இல்லம்மா...” என்று ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்திவிட்டாள். எதையும் முடிக்க மாட்டாள். அப்பா மாதிரியே.

மறுநாளே பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். சவரிமுத்து என்று பெயர். முன்கோபக்காரர் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். வந்து, டீப்பாயைத் தட்டிப் பார்த்து, “புதுசாத்தானேம்மா இருக்கு?” என்றார்.

“பளபளப்பை எடுக்கணும்.”

“ஏத்தணுமா?”

“எடுக்கணும்.”

அவர் என்னைப் பார்த்தார். “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேம்மா. மினுக்கம் பத்தலைன்னு சண்டை போட்டவங்களைப் பார்த்திருக்கேன். குறைக்கச் சொன்ன மொத ஆளு நீங்கதான்.”

முறை இதுதான். உங்கள் வீட்டிலும் இந்த மாதிரி ஏதாவது இருந்தால் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாளில் ரொம்ப மெல்லியது இருக்கிறது, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறது. சோப்புத் தண்ணீர் விட்டு, ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் தொலைந்தது, வெயிலில் ஒவ்வொரு வட்டமும் தெரியும். கண்ணாடியாக இருந்தது பனி படர்ந்த மாதிரி மங்கும். அப்புறம் துடைத்துக் காயவைத்து, மேலே மேட் லேக்கர் என்று மினுக்காத பூச்சு ஒன்றை மெஷினால் அடிக்க வேண்டும். அடித்த பிறகு தொடாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இதற்கு மூன்று நாள் எடுத்துக்கொண்டார்.

மூன்று நாளும் நான் பக்கத்திலேயே நின்றேன். நிற்காமல் விட்டால் வட்டமாகத் தேய்த்துவிடுவார்களே! “ஒரே திசை, ஒரே திசை” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் மெஷின் போட்டதும் அது போட்ட இரைச்சலில் நான் சொல்வது அவர் காதில் விழவில்லை. அதனால் கத்திச் சொன்னேன். ரோட்டுத் தூசி வந்து ஈரத்தில் ஒட்டக் கூடாது என்று ஜன்னல், பால்கனிக் கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டிருந்தேன். சவரிமுத்து மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, “ஜன்னலைத் திறங்கம்மா, தின்னர் நெடி தொண்டையைப் பிடுங்கிடும்” என்றார்.

“உங்க வேலையைப் பாருங்க” என்றேன்.

“நீங்க பேசாம உள்ள போனீங்கன்னா பார்க்கலாம்!” என்று அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கத்தினார். முன்கோபக்காரர், சொன்னேனே.

மறுநாள் காலையில் எழுந்து, “பால் வந்துதா?” என்று கேட்டேன். கேட்டேன் என்று நினைத்தேன். காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை கேட்டேன். புஸ் என்கிறது, சைக்கிள் டயர் மாதிரி.

இவர் என்னைப் பார்த்தார். ஹம்சா என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்மேல் எவ்வளவு பாசம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒன்பது மணிக்குள் என்னைத் தொண்டை டாக்டரிடம் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவர் அவ்வளவு வேகமாகச் செருப்புப் போட்டதில்லை.

“பத்து நாள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. கிசுகிசுன்னுகூடப் பேசக் கூடாது” என்றார் டாக்டர்.

“பத்து நாள் போதுமா டாக்டர்?” என்றார் இவர். “ஜாஸ்தியா வேணும்னாலும் இருந்துடலாம். அவசரமில்லை.”

வெளியே வந்து படியில் நின்றுகொண்டே கோயமுத்தூருக்கு ஃபோன் போட்டார். “இந்த ஞாயித்துக்கிழமையே வாங்க” என்றார். எனக்குப் பதறியது. குரல் இல்லாத நேரத்திலா? கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். அவருக்குப் புரியவே இல்லை. முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் ஒரு சைகை புரியாது அந்த மனுஷனுக்கு.

கரூர் எப்போதோ போய்விட்டதா? ஈரோடா இது! சரி, மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று இருபதுக்கு வந்தார்கள். பையன், அப்பா, அம்மா. வெயிலும் கூடவே வந்தது. பால்கனி வழியாக நுழைந்து, தரையில் நடந்து, டீப்பாய் மேல் ஏறியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். ஏறியது, உட்கார்ந்தது, அங்கேயே கிடந்தது. தெறிக்கவில்லை. ஒரு முகத்திலும் அடிக்கவில்லை. கறுப்புத் துணி விரித்த மாதிரி சாதுவாக இருந்தது மேஜை. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது. சவரிமுத்து பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன்.

ஆனால் பேச முடியவில்லையே! எழுதிக் காட்டலாம் என்று நோட்டுப் புத்தகம் எடுத்து வைத்திருந்தேன். பேனாவைக் காணோம். நூலகர் வீடு, மூலைக்கு மூலை பேனா கிடக்கும். அன்றைக்கென்று பென்சில்கூட இல்லை.

பையனின் அம்மா காபி டம்ளரை நேராக டீப்பாய் மேல் வைத்தார். கோஸ்டர் பக்கத்திலேயே இருக்கிறது, அதைத் தாண்டி வைத்தார். என் வாய் தானாகத் திறந்துகொண்டது. காற்றுதான் வந்தது. அவர் என் கையைத் தட்டிக்கொடுத்து, “சிரமப்படாதீங்க சம்பந்தி” என்றார். பெண்ணையே இன்னும் சரியாகப் பார்க்கவில்லை, அதற்குள் சம்பந்தி! பையனின் அப்பாவிடம் திரும்பி, “எவ்வளவு அமைதியான வீடு பாருங்க” என்றார்.

அமைதி! எங்கள் வீடு! மினுக்கம் போனால் மனசுக்கு அப்படி ஒரு குளிர்ச்சி வருகிறது, பார்த்தீர்களா?

அந்தப் பெரியவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்சம் நிலம். தென்னை ஓலை மஞ்சளாகிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். ஹம்சா நிமிர்ந்தாள். “எந்தப் பக்கம் மண்ணுங்க மாமா? செம்மண்ணா, சுண்ணாம்புச் சுக்கான் மண்ணா?” என்றாள். அவ்வளவுதான். ஆரம்பித்துவிட்டார்கள். அவள் கையை விரித்து, விரல்விட்டு எண்ணி, ஒரு விவசாயி இட்லி மாவுத் தூக்கில் மண் கொண்டுவந்த கதையைச் சொன்னாள். அந்தத் தூக்கை ஒருத்தர் மத்தியானச் சாப்பாடு என்று நினைத்துத் திறந்துவிட்டாராம். பெரியவர் டீப்பாயைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கை ரேகை விழவில்லை. அந்தப் பையன் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏற்கனவே கேட்ட கதையாக இருக்கும்.

எனக்கு அந்தக் கதை தெரியாது. எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு கதையைத் தொடங்கி, நடுவில் நிறுத்தாமல், சிரிப்பு வரவேண்டிய இடத்தில் வரவைத்து, முடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. எங்கே கற்றுக்கொண்டாள்?

நாலு இருபதுக்கு எழுந்தார்கள். நாலு இருபத்தைந்துக்கு லிஃப்ட்டுக்குள் போவதற்கு முன்னாலேயே, எங்களுக்குப் பூரண சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிஷம் பாக்கி. ஹம்சா உள்ளே ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், “தேங்க்ஸ்மா, தேங்க்ஸ்மா” என்றாள். டீப்பாய்க்குத்தான் சொன்னாள். நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று பார்த்தவள் அல்லவா.

நிச்சயதார்த்தம் வழக்கமாகப் பெண் வீட்டில்தான். இவர்தான் முந்திக்கொண்டு, உங்கள் ஊரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் கூடம் சின்னதாம். நாளைக்குக் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். சொந்தக்காரர்கள் வேனில் பின்னால் வருகிறார்கள்.

எப்போது குரல் வந்ததா? நன்றாகக் கேட்டீர்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன். கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள்.

பன்னிரண்டாம் நாள். வீட்டில் யாரும் இல்லை. பால் பொங்கிவிட்டது. “அய்யய்யோ!” என்று ஓடினேன். அடுப்பை அணைத்துவிட்டு நின்றால், இப்போது கத்தியது யார்? நான்தான். என் குரல்தான். பழையபடி, கணீரென்று. உடனே இவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லலாம் என்று ஃபோனை எடுத்தேன். அப்புறம், சாயங்காலம் வரட்டும், நேரில் சொல்லி அசத்தலாம் என்று வைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஹம்சா வந்தாள். நான் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் இரண்டை எடுத்தாள். “இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமாம்மா” என்றாள். எட்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. ஆபீஸில் நடந்தது, செந்தூரன் சொன்னது, கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே வேலை தேடுவது, அவளுக்கு உள்ளுக்குள் இருக்கிற பயம், எல்லாம். நான் தலையை ஆட்டினேன். ஆட்ட ஆட்ட வந்துகொண்டே இருந்தது. இரண்டு இடத்தில் எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பட்டாணியை வாயில் போட்டுக்கொண்டேன். பச்சைப் பட்டாணி.

அப்புறம் மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தாள். பதினாறு நாள் ஆகிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. இவர் ஒருநாளாவது, டாக்டரிடம் மறுபடி காட்டலாமா என்று கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. மறதி. நான் வாயைத் திறந்துவிட்டால் அவள் பாதியில் நிறுத்திவிடுவாளோ என்று... இல்லை, அதெல்லாம் ஒன்றுமில்லை. தொண்டைக்கு ஓய்வு நல்லதுதானே. மூன்று முடிச்சு விழட்டும். அதற்கப்புறம் அந்த அம்மாவிடம் கோஸ்டரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறது. ஒரே வார்த்தைதான்.

திருப்பூர் தாண்டிவிட்டோமா! அதோ பாருங்கள், பெட்டிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாளே, பச்சைச் சுடிதார், கையில் வெந்நீர்க் குப்பி, அவள்தான் ஹம்சா. நன்றாக இருக்கிறாள் இல்லை? சிரித்துக்கொண்டே வருகிறாள் பாருங்கள். எனக்குச் சொல்ல ஏதோ வைத்திருக்கிறாள், அந்த நடையிலேயே தெரிகிறது.

சீக்கிரம் கேளுங்கள். அம்மா ஏதாவது தொந்தரவு கொடுத்தார்களா என்று உங்களிடம் கேட்பாள். திருச்சியிலிருந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள், பாவம், ஒரு வார்த்தை பேசவில்லை என்று சொல்லிவிடுங்கள். நிமிர்ந்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். சிரித்துவிடாதீர்கள்!